1936இல் அட்லாண்டிக்கைத் தாண்ட எதில் ஏறுவது: செப்பலினா, குயின் மேரியா, பறக்கும் படகா?

வான்கப்பல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு கேள்வி தவறாமல் வரும்: "அந்தக் காலத்தில் இருந்திருந்தால் நீங்கள் அதில் ஏறியிருப்பீர்களா?" சமீபத்தில் ஒரு வாசகர் இதையே வேறு மாதிரி கேட்டார். வரலாற்று நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார். லண்டனில் வேலை பார்க்கும் ஒரு பெண் மருத்துவர் 1936 கோடையில் நியூயார்க் போய்ச் சேர வேண்டும். ஜெர்மனியின் செப்பலின் நிறுவனம் கட்டிய, வாயு நிரப்பி மிதக்கும் ஹிண்டன்பர்க் வான்கப்பலில் ஏற்றிவிட ஆசை. ஆனால் நிதானமான ஒரு பெண் நிஜமாகவே அதைத் தேர்ந்தெடுத்திருப்பாளா என்று முடிவுக்கு வர முடியாமல் அத்தியாயம் அப்படியே நிற்கிறதாம்.

கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைக்கு டிக்கெட் அலுவலக வாசலில் நின்ற நிறையப் பேருக்கு இதே குழப்பம் இருந்திருக்கும். 1936 மே 6ஆம் தேதி ஹிண்டன்பர்க் தன் முதல் வட அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்பியது. சரியாக மூன்று வாரம் கழித்து, மே 27 அன்று, பிரிட்டிஷ் பயணிகள் கப்பலான குயின் மேரி முதன்முறையாக சவுத்தாம்டனை விட்டுப் புறப்பட்டது. வானத்தில் அதுவரை யாரும் பார்க்காத சொகுசும் கடலில் அதுவரை யாரும் பார்க்காத வேகமும் ஒரே மாதத்தில் விற்பனைக்கு வந்தன. மூன்று வருடம் பொறுக்க முடிந்தவர்களுக்கு 1939இல் மூன்றாவதாக ஒரு வழி திறந்தது: பான் அமெரிக்கன் நிறுவனத்தின் பறக்கும் படகு, அதாவது தண்ணீரிலிருந்து எழும்பித் தண்ணீரிலேயே இறங்கும் விமானம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் நேரம். விளம்பரத்தில் போட்ட நேரத்தை நம்பாமல், வீட்டுக் கதவிலிருந்து போய்ச் சேரும் கதவு வரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இரண்டாவது காசு. மூன்றாவது உடம்பு: வாந்தி வருமா, தூக்கம் வருமா, குளிக்க முடியுமா. நான்காவது ஆபத்து. 1937இல் ஹிண்டன்பர்க் எரிந்து விழுந்தது நமக்குத் தெரியும், 1936இல் டிக்கெட் வாங்கியவருக்குத் தெரியாது. அவர் கையில் இருந்த தகவலை மட்டும் வைத்துத்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும். ஐந்தாவதை அன்று பலர் கணக்கில் சேர்க்கவில்லை, நான் சேர்க்கிறேன்: கொடுக்கும் காசு யார் கொடிக்குப் போகிறது?

## செப்பலின்: ஹிண்டன்பர்க்

245 மீட்டர் நீளம். இரண்டு கால்பந்து மைதானங்களை வரிசையாக வைத்தாலும் மிஞ்சும். உள்ளே 2 லட்சம் கன மீட்டர் ஹைட்ரஜன் வாயு, நான்கு டீசல் இன்ஜின்கள், மணிக்கு ஏறத்தாழ 125 கிலோமீட்டர் வேகம். இவ்வளவு பெரிய உடம்பில் 1936இல் படுக்கை இருந்தது வெறும் 50 பயணிகளுக்கு.

நேரம். மேற்கே போகும்போது எதிர்க்காற்று, அதனால் இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். முதல் பயணம் ஏறத்தாழ 62 மணி நேரம் எடுத்தது. கிழக்கே திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். 1936 ஆகஸ்டில் ஒரு முறை ஏறத்தாழ 43 மணி நேரத்தில் வந்துவிட்டது. ஆனால் லண்டன்காரருக்கு இதில் ஒரு பிடி இருக்கிறது. செப்பலின் கிளம்பும் இடம் ஜெர்மனி. அங்கே போய், பிராங்க்பர்ட் ஹோட்டலில் காத்திருந்து, சோதனை முடிந்து, பஸ்ஸில் நிலையத்துக்குப் போக வேண்டும். இறங்கும் இடம் நியூயார்க் அல்ல, நியூ ஜெர்சியில் இருக்கும் லேக்ஹர்ஸ்ட் கடற்படைத் தளம். அங்கிருந்து இன்னொரு சின்ன விமானத்தில் நியூவர்க் போய், அப்புறம்தான் நகரம். எல்லாம் கூட்டினால் லண்டனிலிருந்து மேற்கே போகிறவருக்கு மிச்சம் ஒன்றரை நாள், நல்ல காற்று அமைந்தால் இரண்டு நாள். பிராங்க்பர்ட்டிலேயே குடியிருப்பவருக்கு லாபம் அதைவிட அதிகம்.

காசு. ஒருவழிக்கு 400 டாலர், போக வர 720. அந்த ஆண்டு அமெரிக்காவில் புது ஃபோர்டு கார் ஒன்று ஏறத்தாழ 500 டாலருக்குக் கிடைத்தது. ஆக, ஒரு டிக்கெட்டுக்கு முக்கால் கார். அடுத்த ஆண்டே கட்டணத்தை 450 ஆக்கினார்கள்.

உடம்பு. இங்கேதான் வான்கப்பல் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. ஆட்டமே இல்லை. கிளம்பிவிட்டது என்பதையே கவனிக்காமல் "எப்போது புறப்படும்?" என்று கேட்ட பயணிகள் உண்டு. சில நூறு மீட்டர் உயரத்தில்தான் போகும். உலாவும் இடத்தில் சாய்வாக வைத்த ஜன்னல்களைத் திறந்து கீழே பார்க்கலாம். வானத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போவதை இன்றைய விமானப் பயணி நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ரொட்டியைக் கப்பலிலேயே சுட்டார்கள். ஓய்வறையில் அலுமினியத்தால் செய்து மஞ்சள் பன்றித்தோல் போர்த்திய ப்ளூத்னர் பியானோ ஒன்று இருந்தது. எடை 162 கிலோ. மற்ற பியானோக்களுக்கு முன் அது இறகு மாதிரி.

ஆனால் கேபின்? கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் பிரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரில் இருக்கும் செப்பலின் அருங்காட்சியகத்தில், ஹிண்டன்பர்க்கின் 33 மீட்டர் பகுதியை நிஜ அளவில் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த கேபின் வாசலில் நின்றபோது முதலில் தோன்றியது, இது நம் ரயிலின் இருவர் கூப்பேயை விடச் சின்னது என்பதுதான். ஏறத்தாழ இரண்டு மீட்டருக்கு ஒன்றே முக்கால் மீட்டர். மேலே ஒரு படுக்கை, கீழே ஒன்று, ஏற ஒரு அலுமினிய ஏணி. சுவரில் மடக்கி வைக்கும் வாஷ்பேசின், அதில் வெந்நீர்க் குழாய், தண்ணீர்க் குழாய். ஜன்னல் கிடையாது. சுவரை விரலால் தட்டினால் அட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. துணி ஒட்டிய மெல்லிய நுரைப்பலகைதான் அது. பக்கத்து கேபின்காரர் குறட்டை விட்டால் அந்த இரவு உங்களுக்கும் சேர்த்துத்தான். கழிப்பறை கீழ்த்தளத்தில், எல்லோருக்கும் பொது. 50 பேருக்கும் ஒரே ஒரு ஷவர், அதிலும் தண்ணீர் சன்னமாகத்தான் வரும். முக்கால் கார் விலை கொடுத்தவர் இதையும் தெரிந்துகொண்டே ஏறியிருக்க வேண்டும்.

ஆபத்து. ஏறும் முன்பே பயணிகளிடமிருந்து தீப்பெட்டியும் லைட்டரும் வாங்கி வைத்துவிடுவார்கள். புகைக்கத் தனி அறை உண்டு. அதன் கதவு இரட்டைக் கதவு, உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகம், கசிந்த, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. சங்கிலி கோத்த மாதிரி அடுத்தடுத்து எத்தனை சிகரெட் பிடித்தாலும் பற்றவைக்க இருப்பது ஒரே ஒரு மின் லைட்டர். இத்தனை ஏற்பாடும் பயணிக்கு நம்பிக்கை தந்திருக்கும். எனக்கு இதைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது. ஒரு நெருப்புத் துளிக்கு இவ்வளவு காவல் போட வேண்டிய இடத்தில் நாம் தூங்குகிறோம் என்றுதானே இதற்கு அர்த்தம்?

அதே சமயம் அன்றைய கணக்கேடு சுத்தமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1909இல் தொடங்கிய டெலாக், செப்பலின் வான்கப்பல்களை ஓட்டிய உலகின் முதல் விமானப் பயண நிறுவனம், 1914 வரை 34,000 பேரைச் சுமந்தது. ஒரு பயணி இறக்கவில்லை. 1928இல் வந்த கிராஃப் செப்பலின் என்ற வான்கப்பல் அடுத்த ஆண்டே 21 நாளில் உலகைச் சுற்றியது. பிறகு பிரேசிலுக்கு வண்டி ஓட்டுகிற மாதிரி போய் வந்துகொண்டிருந்தது. 1936இல் ஒருவர் "ஜெர்மன் செப்பலினில் காசு கொடுத்துப் போன யாரும் இதுவரை செத்ததில்லை" என்று சொன்னால் அது அப்பட்டமான உண்மை.

கொடி. வால் துடுப்புகளில் ஸ்வஸ்திகா. அமெரிக்கப் பயணம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு, 1936 மார்ச்சில், ஹிட்லரின் வாக்கெடுப்புக்காக இதே ஹிண்டன்பர்க் ஊர் ஊராகப் பறந்து துண்டுப் பிரசுரம் வீசியது, ஒலிபெருக்கியில் பிரச்சாரம் செய்தது. செப்பலின் நிறுவனத்தின் முகமாக இருந்த ஹூகோ எக்கனர் அதில் முரண்பட்டார். அவர் பெயரையே பத்திரிகைகளில் போடக் கூடாது என்று நாஜி பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் உத்தரவு போட்டார். 400 டாலர் எங்கே போகிறது என்று கேட்டவருக்குப் பதில் வால் துடுப்பிலேயே எழுதியிருந்தது.

## கப்பல்: குயின் மேரியும் மற்றவையும்

நேரம். 1936 ஆகஸ்டில் குயின் மேரி நான்கு நாளும் 27 நிமிடமும் எடுத்து மேற்கே கடந்து சாதனை படைத்தது. இந்த நான்கு நாளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பிஷப் பாறையிலிருந்து நியூயார்க் வாசலில் நிற்கும் ஆம்ப்ரோஸ் விளக்குக் கப்பல் வரைதான் அதை அளப்பார்கள். சவுத்தாம்டனில் கிளம்பி, ஷெர்பூரில் ஆளேற்றி, நியூயார்க்கில் கட்டும் நேரம் எல்லாம் அதற்கு வெளியே. முதல் பயணத்தில் மே 27 கிளம்பிய கப்பல் ஜூன் 1 அன்றுதான் நியூயார்க்கில் நின்றது. ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது வந்து நிற்பது மன்ஹாட்டன் கரையில். இறங்கி டாக்சி பிடித்தால் ஊர்.

காசு. மூன்றாம் வகுப்பு ஏறத்தாழ 100 டாலர். ஹிண்டன்பர்க் காசில் நான்கு பேர் போகலாம். முதல் வகுப்பின் தொடக்கக் கட்டணம்கூட வான்கப்பலைவிடக் குறைவுதான். மறைந்திருக்கும் செலவு டிப்ஸ். ஐந்து நாள் கவனித்துக்கொண்ட கேபின் ஆள், சாப்பாட்டு மேசை ஆள், குளியல் ஏற்பாடு செய்த ஆள், டெக் நாற்காலி போட்ட ஆள் என்று கடைசி நாளில் கை நீண்டுகொண்டே போகும். முதல் வகுப்பில் ஒவ்வொரு இரவும் உடுத்த நல்ல உடையும் வேண்டும்.

உடம்பு. நீச்சல் குளம், நூலகம், நடக்க நீளமான தளம், எல்லாம் உண்டு. ஆனால் புதுக் கப்பலாக இருந்தபோது குயின் மேரி மோசமாக உருண்டது. பிடித்து நடக்கக் கைப்பிடிகள் போதவில்லை, நாற்காலி மேசைகளைத் தரையோடு இறுக்கவில்லை. உருளலைக் குறைக்கும் துடுப்புகளை 1958இல்தான் பொருத்தினார்கள். பிரெஞ்சுக் கப்பலான நார்மண்டி அழகில் இதை மிஞ்சும், ஆனால் முதல் வருடத்தில் பின்பகுதி கிடுகிடுவென அதிர்ந்து, உந்திகளையே மாற்ற வேண்டியதாயிற்று. கடல் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஐந்து நாளும் படுக்கையும் வாளியும்தான் கதி.

ஆபத்து. கப்பல் என்றால் பத்திரம் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ஹவானாவிலிருந்து நியூயார்க் வந்த மாரோ காஸில் 1934 செப்டம்பரில் தீப்பிடித்து 130க்கு மேற்பட்டோர் இறந்தது 1936 பயணிக்கு நேற்று நடந்த மாதிரி நினைவில் இருந்திருக்கும். இருந்தாலும் கப்பலில் தீ பிடித்தால் உயிர்காப்புப் படகு இருக்கிறது, தப்பிக்கக் கொஞ்சம் நேரமும் இருக்கிறது. தலைக்கு மேல் எரிவாயு இல்லை.

கொடி. இங்கே தேர்ந்தெடுக்க இடம் உண்டு. பிரிட்டிஷ் கப்பல், பிரெஞ்சுக் கப்பல், இல்லை ஜெர்மனியின் ப்ரேமனும் ஒய்ரோப்பாவும். 1935 ஜூலையில் நியூயார்க் துறைமுகத்தில் ப்ரேமன் மீது போராட்டக்காரர்கள் ஏறி ஸ்வஸ்திகாக் கொடியைப் பிடுங்கி எறிந்தார்கள். கப்பல் பயணிக்குக் கொடியை மாற்றிக்கொள்ள வழி இருந்தது, வான்கப்பல் பயணிக்கு இல்லை.

## பறக்கும் படகு: 1939இன் கிளிப்பர்

1936இல் அட்லாண்டிக்கைத் தாண்டும் பயணிகள் விமானம் கிடையாது. தென் அட்லாண்டிக்கில் லுஃப்டான்சா 1934 முதலே விமானத்தில் தபால் கொண்டுபோனது, ஆனால் கடிதத்துக்குத்தான் இடம், மனிதருக்கு இல்லை. 1939 ஜூன் 28 அன்று போயிங் 314 வகை டிக்ஸி கிளிப்பர் 22 பயணிகளோடு நியூயார்க் பக்கத்திலிருந்து கிளம்பி, அசோர்ஸ் தீவின் ஹோர்டாவிலும் லிஸ்பனிலும் இறங்கி ஏறி மார்செய் போனது. ஒருவழி 375 டாலர். செப்பலினின் கடைசி விலையைவிட 75 டாலர் குறைவு, நேரம் எல்லாம் சேர்த்து இரண்டு நாளுக்குள்.

மடக்கினால் படுக்கையாகும் இருக்கைகள், மேசை போட்டுச் சாப்பாடு, ஆண் பெண் தனி உடைமாற்றும் அறை என்று வசதி இருந்தது. நான்கு இன்ஜினின் இரைச்சலும் சேர்ந்தே இருந்தது. மறைந்திருந்த செலவு ஹோர்டா. அங்கே அலை ஒரு மீட்டருக்கு மேல் எழும்பினால் இந்த விமானம் கிளம்ப முடியாது. அலை அடங்கும்வரை தீவிலேயே நாள்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆபத்தும் கண்முன்னே இருந்தது: முந்தைய ஆண்டு ஜூலையில் பசிபிக்கில் அதே நிறுவனத்தின் ஹவாய் கிளிப்பர் 15 பேரோடு காணாமல் போயிருந்தது. செப்டம்பரில் போர் வந்தது, சாதாரணப் பயணிக்கு இந்த வாசல் குறுகிவிட்டது.

| | ஹிண்டன்பர்க், 1936 | குயின் மேரி, 1936 | கிளிப்பர், 1939 |
|---|---|---|---|
| கடக்க | மேற்கே இரண்டரை நாள் சொச்சம், கிழக்கே சுமார் இரண்டு நாள் | ஏறத்தாழ ஐந்து நாள் | இரண்டு நாளுக்குள் |
| ஒருவழி | 400 டாலர் | மூன்றாம் வகுப்பு சுமார் 100 டாலர் | 375 டாலர் |
| பயணிகள் | 50 | 2,000க்கு மேல் | இரவுப் படுக்கை 40 வரை |
| உடம்புக்கு | ஆட்டமில்லை, இடமுமில்லை | இடம் உண்டு, உருளும் | இரைச்சல் |
| கைகொடுக்கும் காலம் | மே முதல் அக்டோபர் | ஆண்டு முழுக்க | அலை அனுமதித்தால் |
| எதிர்பாராத செலவு | ஜெர்மனிக்குப் போகும் பயணம், லேக்ஹர்ஸ்ட் | டிப்ஸ், உடை | ஹோர்டாவில் காத்திருப்பு |

## ஹைட்ரஜன்: அன்றைக்கே தெரிந்ததுதான்

1937 மே 6, முதல் அமெரிக்கப் பயணம் தொடங்கி சரியாக ஒரு வருடம். லேக்ஹர்ஸ்டில் இறங்கும்போது ஹிண்டன்பர்க் அரை நிமிடத்தில் எரிந்து விழுந்தது. உள்ளே இருந்த 97 பேரில் 35 பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தனர். 36 பயணிகளில் 13 பேர் போனார்கள்.

இதை 1936 பயணி முன்கூட்டி அறிய முடியாது என்பது சரி. ஆனால் அபாயம் என்ன என்று தெரியாமல் இல்லை. பிரிட்டனின் ஆர்101 வான்கப்பல் 1930 அக்டோபர் 5 அன்று பிரான்சில் போவே அருகே விழுந்து எரிந்து 54 பேரில் 48 பேர் இறந்தனர். விமானத் துறை அமைச்சர் தாம்சன் பிரபுவும் அதில் இறந்தார். அது போய்க்கொண்டிருந்தது கராச்சிக்கு. அதற்காகவே கராச்சியில் மலை மாதிரி ஒரு கொட்டகை கட்டிக் காத்திருந்தார்கள், எந்த வான்கப்பலும் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1932 அக்டோபரில், அதே கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சின்ன புஸ் மாத் விமானத்தில் தபாலை பம்பாய் வரை கொண்டுவர, நெவில் வின்சென்ட் அதை அங்கிருந்து சென்னைக்குக் கொண்டுவந்தார். இந்தியாவுக்கு வான்வழி எது என்ற கேள்விக்கு ஒற்றை இன்ஜின் விமானம் பதில் சொல்லிவிட்டது.

ஆர்101 எரிந்த பிறகு செப்பலின் நிறுவனமே தன் அடுத்த ஹைட்ரஜன் கப்பல் திட்டத்தைக் கைவிட்டது. ஹிண்டன்பர்க்கைத் தீப்பிடிக்காத ஹீலியத்துக்காகத்தான் வரைந்தார்கள். ஹீலியம் இருந்தது அமெரிக்காவிடம், வெளிநாட்டுக்கு விற்க அந்நாட்டுச் சட்டம் விடவில்லை. வேறு வழியின்றி ஹைட்ரஜனை நிரப்பினார்கள். அதோடு நிற்கவில்லை. ஹைட்ரஜன் ஹீலியத்தைவிடக் கொஞ்சம் அதிகம் தூக்கும் என்பதால், 1936-37 குளிர்காலத்தில் கூடுதல் கேபின்கள் போட்டு 50 படுக்கையை 72 ஆக்கினார்கள். ஆபத்தான வாயுவை வருமானமாக மாற்றிய இந்த இடத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கட்டியவர்களுக்கே வேண்டாம் என்று தெரிந்த வாயு அது.

## யாருக்கு எது

மெத்தப் பணமும் கொஞ்ச நேரமும் உள்ள வியாபாரி, கடல் ஒத்துக்கொள்ளாத உடம்பு, வீடு ஜெர்மனியில்: இவருக்கு 1936இல் செப்பலின் நியாயமான தேர்வு. போக வேண்டிய ஊர் நியூயார்க் அல்ல, பிரேசில் என்றால் இன்னும் நியாயம். கப்பலில் ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிற தூரம், கிராஃப் செப்பலினில் ரெசிஃபே வரை சுமார் மூன்று நாள். வான்கப்பல் உண்மையில் வென்ற ஒரே வழித்தடம் அதுதான் என்பேன்.

குடும்பத்தோடு போகிறவர், பெட்டி படுக்கையோடு குடிபெயர்கிறவர், குளிர்காலத்தில் கிளம்புகிறவர், குறிப்பிட்ட தேதியில் போயே தீர வேண்டியவர்: கப்பல். ஹிண்டன்பர்க் அந்த ஆண்டு அமெரிக்காவுக்குப் பத்து முறைதான் போய்வந்தது. அத்தனையும் நிறைந்து போனாலும் இரு திசையும் சேர்த்து ஏறத்தாழ 1,000 பேர். குயின் மேரி ஒரே தடவையில் அதைப்போல் இரண்டு மடங்கு பேரை ஏற்றும்.

அவசரம் இல்லை, ஆனால் வேகம் பிடிக்கும் என்பவர் 1939 கோடை வரை பொறுத்திருந்தால் கிளிப்பர். நெருப்பு விபத்தே நடக்காமல் இருந்திருந்தாலும் வான்கப்பல் இந்த விமானத்திடம் தோற்றிருக்கும் என்றே நினைக்கிறேன். 11 பேர் ஓட்டும் விமானம் 40 பேரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகிறது. செப்பலினுக்கோ உள்ளே பயணிகளுக்குச் சமமாக ஊழியர்கள் வேண்டும், இறங்கும்போது கயிறு பிடித்திழுக்கத் தரையில் நூற்றுக்கணக்கான ஆட்கள் வேண்டும்.

அந்த மருத்துவருக்கு? லண்டனிலிருந்து மேற்கே போகிறார், மிச்சம் ஒன்றரை நாள். அதற்காக ஒரு மருத்துவர் முக்கால் கார் காசைக் கொடுத்து, ஸ்வஸ்திகாவின் கீழ், தீப்பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. குயின் மேரியில் நடு வகுப்பில் ஏற்றுங்கள். கதைக்குச் செப்பலின் வேண்டியே தீரும் என்றால் திரும்பும்போது ஏற்றுங்கள். கிழக்கே வரும்போதுதான் அது நிஜமாக நேரத்தை மிச்சப்படுத்தும், அவசரமாகக் கிளம்ப ஒரு தந்தி போதும்.

எழுதும் முன் நேரில் பார்க்க முடிந்தால் நல்லது. குயின் மேரி 1967 முதல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நிற்கிறது. போயிங் 314 ஒன்றுகூட மிஞ்சவில்லை, அயர்லாந்தின் ஃபாய்ன்ஸ் அருங்காட்சியகத்தில் முழு அளவு மாதிரி இருக்கிறது. ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் பிரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்குப் போங்கள். கப்பல் எப்படி இருக்கும் என்று படத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். அந்த அலுமினிய ஏணியில் காலை வைத்து மேல் படுக்கையை எட்டிப் பார்த்தால்தான் அந்த கேபின் எவ்வளவு குறுகல் என்று புரியும்.